கடனில் பிறந்த கச்சேரித் தட்டு: கிரேட்ஃபுல் டெட் குழுவின் 'லைவ்/டெட்'

1969 தொடங்கியபோது அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட், வார்னர் பிரதர்ஸ் இசைத்தட்டு நிறுவனத்திடம் பெருங்கடன் பட்டிருந்தது. 'ஆக்ஸோமாக்ஸோவா' என்ற ஸ்டூடியோ ஆல்பத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவாகியிருந்தது; வேலையோ முடிந்தபாடில்லை. ஸ்டூடியோ வாடகை, டேப், ஒலிப்பதிவாளர் சம்பளம் எல்லாமே குழுவின் கணக்கில்தான் ஏறும். தட்டு விற்று வரும் பங்கில் நிறுவனம் முதலில் அதைக் கழித்துக்கொள்ளும். கழிந்து தீரும்வரை கலைஞர்கள் கைக்குக் காசு வராது. முன்பு வந்த இரண்டு ஆல்பங்களும் அப்படியொன்றும் விற்றுத் தீரவில்லை.

அப்போது யாருக்கோ ஒரு யோசனை தோன்றியது. கச்சேரியைப் பதிவு செய்து இரட்டை ஆல்பமாகக் கொடுத்துவிட்டால், 'ஆக்ஸோமாக்ஸோவா'வோடு சேர்த்து, கிட்டத்தட்ட அதே செலவில் நிறுவனத்துக்கு மூன்று தட்டுகள் கிடைத்துவிடுமே! அப்போது குழுவில் கீபோர்டு வாசித்த டாம் கான்ஸ்டன்டன் பிற்பாடு சொன்ன கணக்கு இது. இப்படிக் கணக்குப் பார்த்து வெளியானதுதான் 1969 நவம்பரில் வந்த 'லைவ்/டெட்'. நான்கு பக்கம், ஏழு பாடல், சுமார் 73 நிமிடம். போதை மயக்க அனுபவத்தை இசையில் கொண்டுவரப் பார்க்கும் சைக்கடெலிக் ராக் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் இன்றும் பலர் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்தத் தட்டைத்தான்.

காசுக்காகச் செய்த வேலை இவ்வளவு நன்றாக எப்படி வந்தது? குழு எங்கிருந்து வந்தது என்பதில் பாதி பதில் இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பாலோ ஆல்டோ வட்டாரத்தில், 1965-இல் வார்லாக்ஸ் என்ற பெயரில் சேர்ந்தவர்கள் இவர்கள். கிடார் வாசித்த ஜெரி கார்சியா பாஞ்சோவிலும் விரல் பழகியவர். ஃபில் லெஷ் டிரம்பெட் வாசித்தவர். மில்ஸ் கல்லூரியில் இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் நவீன மேற்கத்திய இசை படித்தவர். பேஸ் கிடாரைக் குழுவில் சேர்ந்த பிறகுதான் கையில் எடுத்தார். அதனால்தானோ என்னவோ, கீழே நின்று தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் வழக்கமான பேஸ் வாசிப்பு அவரிடம் இல்லை. இன்னொரு தனி வாத்தியம் போல அது சுற்றித் திரியும். ஆர்கனும் ஹார்மோனிகாவும் வாசித்துப் பாடிய ரான் மெக்கெர்னனுக்கு 'பிக்பென்' என்று பட்டப்பெயர். கறுப்பின ப்ளூஸ் பாடல்களில் ஊறியவர். இவர்களோடு பாப் வீர் கிடாரில், பில் க்ரூட்ஸ்மான் டிரம்ஸில்.

அந்த வருடக் கடைசியிலிருந்து நாவலாசிரியர் கென் கீசியும் அவருடைய கூட்டாளிகளும் 'ஆசிட் டெஸ்ட்' என்ற பெயரில் விருந்துகள் நடத்தினார்கள். ஆசிட் என்பது எல்எஸ்டி என்ற போதைப்பொருளின் செல்லப்பெயர்; அப்போது அது இன்னும் சட்டப்படி தடை செய்யப்படவில்லை. கலிஃபோர்னியாவில் தடை வந்தது 1966 அக்டோபரில். இந்த விருந்துகளின் வாத்தியக் கோஷ்டி கிரேட்ஃபுல் டெட். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கும் கூட்டம் அங்கே கிடையாது. ஒரு பாட்டை மூன்று நிமிடத்தில் முடித்துக் கைதட்டல் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தோன்றினால் ஒரு மணி நேரம் வாசிக்கலாம், தோன்றாவிட்டால் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம். போதைப்பொருளைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். என் கணக்கில் அதைவிட முக்கியமானது இந்த நேரச் சுதந்திரம். ஒரு சங்கதியைப் பிடித்து அது எங்கே போகிறதென்று பார்க்கும் பழக்கம் இவர்களுக்கு அங்கேதான் வந்தது. போதாததற்கு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தட்டுகளை வேறு விழுந்து விழுந்து கேட்டார்கள். ஓரிரு ஸ்வரக்கூட்டின் மேல் கால் மணி நேரம் நிற்கலாம் என்பதை ஜாஸ்காரர்கள் அதற்கு முன்பே செய்து காட்டியிருந்தார்கள்.

ஸ்டூடியோவில் இந்தப் பழக்கம் செல்லுபடியாகவில்லை. முதல் ஆல்பம் லாஸ் ஏஞ்சலிஸில் சில நாட்களில் அவசர அவசரமாகப் பதிவானது. பாடல்கள் ஓட்டமாய் ஓடுகின்றன. 1968-இல் வந்த 'ஆந்தம் ஆஃப் தி சன்' நேர் எதிர். பல கச்சேரி டேப்புகளையும் ஸ்டூடியோ பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய விசித்திரமான வேலை அது. 'கனத்த காற்றின்' சத்தம் வேண்டும் என்று வீர் கேட்டதும் தயாரிப்பாளர் டேவ் ஹாசிங்கர் பொறுமையிழந்து கிளம்பிப் போனார் என்ற கதை குழுவின் வரலாற்றில் புகழ்பெற்றது. கிண்டல் செய்வது சுலபம். ஆனால் வீர் கேட்டது அவ்வளவு பைத்தியக்காரத்தனமான விஷயமாக எனக்குப் படவில்லை. நூற்றுக்கணக்கான பேர் நெருக்கி நிற்கும் ஒரு மண்டபத்தில் சத்தம் எப்படி உடம்பில் வந்து மோதுகிறது என்பதை அவர் ஸ்டூடியோவில் தேடியிருக்கிறார். அது அங்கே இல்லை.

'டார்க் ஸ்டார்' பாட்டுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கவிஞர் ராபர்ட் ஹன்டர் குழுவோடு சேர்ந்து முதன்முதலில் எழுதியவற்றில் ஒன்று. 1968 ஏப்ரலில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக வெளியிட்டார்கள். மூன்று நிமிடம்கூடக் கிடையாது. யாரும் சீண்டவில்லை. அதே பாட்டு மேடையில் பத்து நிமிடமாகி, இருபது நிமிடமாகி வளர்ந்துகொண்டே போனது. சிங்கிளில் இருந்தது விதை மட்டும்தான்.

சரி, கச்சேரியைப் பதிவு செய்யலாம் என்று முடிவாயிற்று. எப்படிச் செய்வது? அன்றைக்குப் பெரும்பாலான லைவ் ஆல்பங்கள் மூன்று, நான்கு, மிஞ்சினால் எட்டு டிராக் (டேப்பில் தனித்தனித் தடம்) இயந்திரத்தில் பதிவானவை. இரண்டு டிரம்ஸ், இரண்டு கிடார், பேஸ், ஆர்கன், நாலைந்து குரல் மைக் என்று மேடையில் இருந்தால், அங்கேயே பலதையும் ஒன்றாகக் கலந்து டேப்பில் ஏற்ற வேண்டும். கலந்தது கலந்ததுதான். டிரம்ஸ் சத்தத்தில் ஒரு குரல் அமுங்கிப் போனால் மறுநாள் ஒன்றும் செய்ய முடியாது.

ஆம்பெக்ஸ் நிறுவனம் அப்போதுதான் எம்எம்-1000 என்ற 16 டிராக் இயந்திரத்தைக் கொண்டு வந்திருந்தது. இரண்டு அங்குல அகல டேப்பில் பதினாறு தனித்தனித் தடங்கள். 'ஆக்ஸோமாக்ஸோவா' வேலை நடந்த சான் மடேயோ ஸ்டூடியோவுக்கு அது வந்து சேர்ந்ததும், எட்டு டிராக்கில் பாடுபட்டுப் பதிவு செய்து வைத்திருந்ததை ஓரங்கட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கடன் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கடனை ஏற்றிவிட்ட அந்த இயந்திரத்தையே மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஒலிப்பதிவாளர்கள் பாப் மேத்யூஸும் பெட்டி கேன்டரும் நினைத்தார்கள். ஸ்டூடியோவை விட்டு நகர்த்துவதற்காகச் செய்த பொருளே அல்ல அது. ஆள் உயரப் பெட்டி, பயங்கர கனம். ராக் லைவ் ஆல்பம் ஒன்று 16 டிராக்கில் பதிவானது இதுவே முதல்முறை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பாடகர் முன்னால் இருக்கும் மைக்கின் சத்தம் மண்டப ஸ்பீக்கருக்கும் போக வேண்டும், டேப்புக்கும் போக வேண்டும். சும்மா இரண்டாகப் பிரித்தால் சத்தம் நீர்த்துப்போகும், இரைச்சல் சேரும். ஆம்பெக்ஸில் வேலை பார்த்த ரான் விக்கர்ஷாம், தரம் குறையாமல் பிரித்துக் கொடுக்கும் கருவி ஒன்றைச் செய்து தந்தார். அதனால் மைக்கில் விழுந்த சத்தம் இடையில் மிக்ஸர் மேசையைத் தொடாமலே டேப்புக்குப் போனது. இதை வலியுறுத்தியவர் ஆவ்ஸ்லி ஸ்டான்லி. எல்எஸ்டி தயாரித்துப் பெயர் பெற்ற அதே ஆள்தான். குழுவின் ஒலி நிபுணரும் அவரே. இரண்டு தொழிலிலும் கலப்படம் கூடாது என்ற பிடிவாதம் கொண்டவர் என்று சொல்வார்கள்.

1969 ஜனவரி 26 அன்று சான் பிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமில் பதிவு நடந்தது. அப்புறம் பிப்ரவரி 27 முதல் மார்ச் 2 வரை ஃபில்மோர் வெஸ்டில் நான்கு இரவுகள். ஃபில்மோர் வெஸ்ட் இவர்களுக்குப் பழகிய இடம். கரௌசல் பால்ரூம் என்ற பெயரில் வேறு சில குழுக்களோடு சேர்ந்து இவர்களே 1968-இல் கொஞ்ச நாள் நடத்தி, கட்டுப்படியாகாமல் விட்ட மண்டபம் அது. பிறகு கச்சேரி ஏற்பாட்டாளர் பில் கிரஹாம் எடுத்து நடத்தினார். அதாவது சொந்த ஊர், தெரிந்த கூட்டம், பழகிய சுவர். அந்த நிதானம் பதிவில் கேட்கிறது.

தட்டின் முதல் பக்கம் முழுக்க 'டார்க் ஸ்டார்', 23 நிமிடம். சத்தம் மெல்ல மேலெழுந்து வருவதாகத் தொடங்குகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இசைக்குள் நாம் நுழைகிறோம். உண்மையும் அதுதான். அன்றிரவு 'மவுன்டன்ஸ் ஆஃப் தி மூன்' என்ற பாட்டை முடித்து இதற்கு நழுவிக்கொண்டிருந்தார்கள். அடிப்படை மிக எளிது: மேற்கத்திய இசையில் மிக்ஸோலிடியன் என்று சொல்லும் வரிசை. ஹரிகாம்போஜி தெரிந்தவர்களுக்கு அந்த ஸ்வரங்கள் அந்நியமாக இருக்காது. அதன்மேல் இரண்டு மூன்று கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டுகள்) ஊசலாடுகின்றன. பாடல் வரி வருவதற்கே ஆறு நிமிடம் போல ஆகிறது. இரண்டாவது சரணம் கிட்டத்தட்ட பக்கத்தின் கடைசியில்தான். இடையில் இருப்பதெல்லாம் மனோதர்மம்.

ராக் இசையில் நீண்ட வாசிப்பு என்றால் பொதுவாக ஒரு கிடார்காரர் முன்னால் வந்து வித்தை காட்டுவார், மற்றவர்கள் பின்னால் நின்று அரைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. கார்சியா ஒரு பிடியை வைக்கிறார். லெஷ் அதற்குப் பதில் சொல்லாமல் குறுக்கே வேறொன்றைப் போடுகிறார். கார்சியா தன் வழியை மாற்றிக்கொள்கிறார். வீர் தாளக் கிடார் என்று பெயர்தான். அவர் கார்டுகளைத் துண்டு துண்டாக உடைத்து மற்ற இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் செருகுகிறார். கான்ஸ்டன்டனின் ஆர்கன் மெல்லிய கோடு போல ஓரத்தில் ஓடுகிறது. டிரம்ஸ் நெடுநேரம் அடங்கியே இருக்கிறது. எல்லாரும் கரைந்து சத்தமே இல்லாமல் போகும் கட்டங்கள் உண்டு. அங்கிருந்து யாரோ ஒருவர் ஒரு பொறியைத் தட்ட, மெதுவாகச் சேர்ந்து ஏறி ஓர் உச்சத்துக்குப் போகிறார்கள். முதல் தடவை கேட்பவருக்கு 'இது எங்கேதான் போகிறது?' என்று எரிச்சல் வரலாம். ஒரு யோசனை: முதல் தடவை கார்சியாவை விட்டுவிட்டு லெஷின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். பாட்டின் எலும்புக்கூடு தெரியும்.

'செயின்ட் ஸ்டீபன்' நல்ல, துள்ளலான பாட்டு. அதைக் கடந்ததும் வருகிற 'தி லெவன்' இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அதற்குள் இந்தியா இருக்கிறது. பெயர் சொல்கிறபடி பதினொரு எண்ணிக்கைத் தாளம், 11/8. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்று விழுகிறது. 'தகிட தகிட தகிட தக' என்று சொல்லிக்கொண்டே கேட்டுப் பாருங்கள், அப்படியே உட்காரும். ராக் குழுக்கள் நாலுக்கு மேல் எண்ணப் பயந்த காலத்தில் இது எங்கிருந்து வந்தது? 1967 செப்டம்பரில் குழுவில் இரண்டாவது டிரம்ஸ்காரராகச் சேர்ந்த மிக்கி ஹார்ட், ரவிசங்கருக்குத் தபேலா வாசித்த உஸ்தாத் அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். எந்த எண்ணிக்கையையும் உடைத்துச் சேர்க்கலாம், இரண்டு பேர் வெவ்வேறு கணக்கில் போய் ஒரே இடத்தில் வந்து விழலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. அதைக் குழு முழுக்கப் பழகுவதற்கு மணிக்கணக்கில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். கையில் ஏறிய பிறகுதான் மேடையில் விளையாட முடிந்தது. இந்தப் பதிவில் யாரும் எண்ணுவது போலவே தெரியவில்லை.

ஹார்ட்டின் இந்திய உறவு அதோடு நிற்கவில்லை. அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேனோடு அவர் பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்தார். 1991-இல் வந்த அவர்களுடைய 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் நம் விக்கு விநாயகராமின் கடமும் உண்டு. உலக இசை ஆல்பத்துக்கென்று கிராமி விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அந்தத் தட்டுக்குத்தான் போனது.

மூன்றாவது பக்கம் பிக்பென்னுடையது. பாபி பிளாண்ட் 1961-இல் பாடி வெற்றி பெற்ற 'டர்ன் ஆன் யுவர் லவ் லைட்' பாட்டை இவர் பதினைந்து நிமிடம் இழுக்கிறார். கூட்டத்தைச் சீண்டுகிறார், பேச்சும் பாட்டுமாகப் போகிறார். முந்தைய இரண்டு பக்கமும் தலைக்குள் நடந்ததென்றால் இது முழுக்க இடுப்புக்குக் கீழே. சிலர் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள். தாண்டக் கூடாது என்பது என் கட்சி. இது ஆராய்ச்சிக்கூடம் இல்லை, ஆட்டக் குழு என்று நினைவுபடுத்துவது பிக்பென்தான். எல்எஸ்டி பக்கமே போகாத அவர் மதுவில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1973-இல், 27 வயதில் இறந்துபோனார்.

நான்காவது பக்கத்தில் ப்ளூஸ் பாடகர் ரெவரெண்ட் கேரி டேவிஸின் 'டெத் டோன்ட் ஹேவ் நோ மெர்சி' பத்து நிமிடம். கார்சியா பாடுகிறார்; அவர் குரல் வலுவான குரல் அல்ல, ஆனால் பாட்டுக்கு அந்த நடுக்கம் பொருந்துகிறது. அடுத்து வரும் 'ஃபீட்பேக்' எட்டு நிமிடத்துக்குப் பாட்டே இல்லை. கிடாரை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தால், ஸ்பீக்கரின் சத்தம் தந்தியை அதிரவைக்கும், அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போய்ப் பெருகும். பொதுவாக மேடைக்காரர்கள் பயப்படும் அந்தக் கூச்சலையே இவர்கள் வாத்தியமாக வாசிக்கிறார்கள். இதை முழுதாக ரசிக்கிறேன் என்று சொன்னால் பொய். ஆனால் பக்கத்தில் அதன் இடம் சரியானது. மரணத்தைப் பற்றிய பாட்டு, அதன்பின் இந்த அலறல், பிறகு அரை நிமிடம் மட்டும் வாத்தியமில்லாமல் எல்லாரும் சேர்ந்து பாடும் 'அண்ட் வி பிட் யூ குட்நைட்' என்ற விடைபெறும் பாடல். அதோடு தட்டு முடிகிறது.

ஓர் இரவுக் கச்சேரி தொடங்கி, ஏறி, இறங்கி, விடைபெற்றது போலத்தான் கேட்பவருக்குத் தோன்றும். உண்மையில் இது மூன்று இரவுகள். 'டார்க் ஸ்டார்', 'செயின்ட் ஸ்டீபன்' இரண்டும் பிப்ரவரி 27, ஃபில்மோர் வெஸ்ட். 'தி லெவன்', 'லவ் லைட்' இரண்டும் அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 26, அவலான். நான்காவது பக்கம் மார்ச் 2, மறுபடி ஃபில்மோர் வெஸ்ட்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். முதல் பக்கம் முடிந்து எழுந்துபோய்த் தட்டைத் திருப்புகிறீர்கள். அன்றிரவு அந்த இடத்தில் இடைவெளியே இல்லை. 'டார்க் ஸ்டார்' நேராக 'செயின்ட் ஸ்டீபனு'க்குள் போனது. இரண்டாவது பக்கம் முடிந்து மறுபடி தட்டை மாற்றுகிறீர்கள். அங்கேயும் உண்மையில் இடைவெளி இல்லை. ஆனால் இரண்டாவது பக்கத்தின் நடுவில், 'செயின்ட் ஸ்டீபன்' முடிந்து 'தி லெவன்' பிடிக்கும் இடத்தில், வேறு மண்டபத்துக்கும் வேறு மாதத்துக்கும் தாவிவிடுகிறோம். அது காதில் விழுவதில்லை. இசை தொடர்ந்த இடத்தில் தட்டு நிற்கிறது, இசை அறுந்த இடத்தில் தட்டு தொடர்கிறது. விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ், ராக் இசையில் பதிவானவற்றிலேயே மிகச் சிறந்த மனோதர்மம் இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது என்று எழுதினார். அந்த ஒட்டு இருப்பதும் அதே பக்கத்தில்தான்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்பி தட்டின் ஒரு பக்கத்தில் இருபத்து சொச்சம் நிமிடம்தான் அடங்கும்; அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும். மணிக்கணக்கில் ஓடிய கச்சேரியை அந்த அளவுக்குள் கொண்டுவர வேண்டுமானால் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்த விதம் நேர்மையானது: 'டார்க் ஸ்டார்', 'செயின்ட் ஸ்டீபன்', 'தி லெவன்', 'லவ் லைட்' என்ற வரிசை அந்த மாதங்களில் மேடையில் அடிக்கடி அப்படியே வாசித்த வரிசை. ஒவ்வொரு பகுதியிலும் எந்த இரவு நன்றாக விழுந்ததோ அதை எடுத்தார்கள். ஃபில்மோர் வெஸ்டின் நான்கு இரவுகளையும் முழுதாக 2005-இல் பத்து சிடி பெட்டியாக வெளியிட்டார்கள். அதே பாடல்கள் அடுத்தடுத்த இரவுகளில் எப்படி மாறுகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்று அதில் பார்க்கலாம். ஆராய்பவர்களுக்குப் புதையல். ஆனால் கேட்க உட்கார்ந்தால் எனக்கு நான்கு பக்க எல்பிதான் மேல். 'ஆந்தம் ஆஃப் தி சன்' ஆல்பத்தில் டேப்பை அடுக்கி அடுக்கித் தேடிய வடிவம் இங்கே ஒரே ஒரு ஒட்டில் கிடைத்துவிட்டது.

கடன் என்னவாயிற்று? ஒரேயடியாகத் தீர்ந்துவிடவில்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை சுமார். 1970-இல் மேலாளராக இருந்த மிக்கி ஹார்ட்டின் தந்தையே குழுவின் பணத்தில் சுமார் ஒன்றரை லட்சம் டாலரைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்த அவமானத்தில் ஹார்ட் 1971 தொடங்கிச் சில ஆண்டுகள் குழுவை விட்டு விலகியிருந்தார். கான்ஸ்டன்டன் 1970 ஜனவரியிலேயே விலகிவிட்டார். ஆக, இந்தத் தட்டில் கேட்கும் ஏழு பேர் கூட்டணி ஒன்றேகால் வருடம் போலத்தான் இருந்தது. 1970-இல் குழு ஸ்டூடியோ செலவைக் கறாராகக் குறைத்துக்கொண்டு, நாட்டுப்புறச் சாயலில் சின்னச் சின்னப் பாடல்களாக 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்', 'அமெரிக்கன் பியூட்டி' என்று ஒரே ஆண்டில் இரண்டு ஆல்பம் கொடுத்தது. அவைதான் அவர்களை ஊர் முழுக்கத் தெரிந்தவர்களாக்கின.

'டார்க் ஸ்டார்' மேடையில் தொடர்ந்து மாறிக்கொண்டே இருந்தது. கனடாவைச் சேர்ந்த ஜான் ஆஸ்வால்ட், 1968 முதல் 1993 வரை வாசித்த நூற்றுக்கும் மேற்பட்ட 'டார்க் ஸ்டார்' பதிவுகளை வெட்டி அடுக்கி 'கிரேஃபோல்டட்' என்று ஒரு தொகுப்பே செய்தார். ரசிகர்கள் மைக்கும் ரெக்கார்டருமாகக் கச்சேரிக்கு வந்ததைக் குழு தடுக்கவில்லை. 1984-இல் அவர்களுக்கென்று மண்டபத்தில் தனிப் பகுதியே ஒதுக்கினார்கள். விளைவு, இந்தக் குழுவின் கச்சேரிப் பதிவுகள் இன்று மலை போலக் குவிந்து கிடக்கின்றன. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திணறுபவர்களே அதிகம்.

'லைவ்/டெட்' பிடித்துப்போனால் அடுத்து 2005-இல் அந்தப் பெட்டியோடு வந்த மூன்று சிடி தேர்வைக் கேட்கலாம். பிறகு 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரி. அதையும் பதிவு செய்தவர் அதே பெட்டி கேன்டர்தான். 'டார்க் ஸ்டார்' பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லையென்றால் இரண்டாவது பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அதுவும் சரிப்படவில்லையா, 'அமெரிக்கன் பியூட்டி'யை எடுங்கள். இதே ஆட்கள்தானா என்று சந்தேகமே வந்துவிடும்.